விலையின்றி விளக்கெரியுமா? – மின்சுற்றின் வரலாறு கற்பிக்கும் பாடம்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அறிவியல் வரலாறு பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெறுவது பொருத்தமே எனக் கருதுகிறேன். நம் மக்களின் உரிமைப் போராட்ட வரலாற்றையும், நம் தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றையும் நம் இளைஞர்கள் கட்டாயம் கற்க வேண்டும். அவற்றோடு, இன்றைய உலகை இயக்கும் மின்சாரத்தின் வரலாற்றையும் அவர்கள் அறிந்திருத்தல் நலம். அவ்வரலாற்றில் அருஞ்செயல் புரிந்தோருள் கொல்லன் மகன் உண்டு. பூட்டுத் தொழிலாளியின் மகன் உண்டு. அடிமைத்தளையை அறுத்துத் தப்பிவந்த பெற்றோரின் மகனும் உண்டு.

மாணவர்கள் வகுப்பறையில் மீண்டும் மீண்டும் எழுப்பும் வினா ஒன்று உண்டு. "ஐயா, மோட்டார் டைனமோவைச் சுழற்றட்டும், டைனமோ தரும் மின்சாரம் அதே மோட்டாரை ஓட்டட்டும். ஒரு முறை சுழற்றிவிட்டால் போதுமே! பிறகு மின்கலம் எதற்கு? நிலக்கரி எதற்கு?" என்று கேட்பார்கள். இது அறிவற்ற வினா அன்று. ஐரோப்பாவின் பேரறிஞர்களே இதையொத்த ஐயத்தில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உழன்றார்கள். அவர்கள் தெளிவு பெற்ற வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

தவளைக் காலும் வோல்டாவின் அடுக்கும்

இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் உடற்கூறு ஆசிரியராக இருந்தவர் கால்வானி. இறந்த தவளையின் காலை இருவேறு உலோகங்கள் ஒருங்கே தொட்டபோது அக்கால் துடிப்பதை அவர் கண்டார். உயிர்களின் உடலிலேயே மின்சாரம் உறைகிறது என்று கருதி, 1791ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார்.

பவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வோல்டா இக்கருத்தை ஏற்கவில்லை. மின்சாரம் பிறப்பது தவளையில் அன்று, இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்பது அவர் கொள்கை. அதனை மெய்ப்பிக்க அவர் தவளையையே விலக்கிவிட்டார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்ற வரிசையில் பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கின் மேல் முனையையும் கீழ் முனையையும் கம்பியால் இணைத்ததும் மின்சாரம் தொடர்ந்து ஓடிற்று. 1800ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதிய மடலில் அவர் இதனை விவரித்தார். உலகம் கண்ட முதல் மின்கல அடுக்கு இதுவே. அதற்கு முன்னர் உராய்வினால் பெற்ற மின்சாரம் ஒரு பொறியாகத் தோன்றி மறைந்துவிடும். நிலைத்து ஓடும் மின்னோட்டம் என்பது வோல்டாவிடமிருந்தே தொடங்குகிறது.

ஆனால் அம்மடலிலேயே ஒரு பெரும் பிழையும் இடம்பெற்றிருந்தது. இவ்வடுக்கின் இயக்கம் குறையாதது, ஓயாதது என்று வோல்டா எண்ணினார். இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தாலே மின்னோட்டம் என்றென்றும் ஓடும். அதற்காக எதுவும் செலவாக வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. இதற்குத் 'தொடுகைக் கொள்கை' என்று பெயர். நம் மாணவனின் வினாவும் ஏறக்குறைய இதுவேயன்றோ?

கொல்லன் மகன் கண்ட உண்மை

வோல்டாவின் அடுக்கைச் செய்து பார்த்தவர் அனைவரும் ஒன்றைக் கவனித்தனர். சில நாட்களில் துத்தநாகம் அரிக்கப்பட்டது, மின்னோட்டமும் தளர்ந்தது. தொடுகைக் கொள்கையினர் இதனைத் தற்செயலான கேடு என்று ஒதுக்கினர். வேறு சிலரோ, அந்த அரிப்பே மின்சாரத்தின் ஊற்று என்றனர். இவ்வழக்கில் உறுதியான தீர்ப்பை நோக்கி உலகை நடத்தியவர் மைக்கேல் ஃபாரடே.

ஃபாரடே 1791இல் இலண்டன் அருகே ஓர் ஏழைக் கொல்லனின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதோடு அவர் கல்வி நின்றது. 1805இல், தம் பதினான்காம் வயதில், புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். பிறர் படிப்பதற்காகக் கட்டக் கொடுத்த நூல்களை இவர் கட்டியதோடு நிற்கவில்லை, படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அவர் வாழ்வைத் திருப்பிவிட்டன. 1812இல் சர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தம் கையாலேயே அழகுறக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச் மாதம் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளராக அமர்ந்தார்.

அவ்வாண்டே டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம் சென்ற ஃபாரடே, டேவியின் ஏவலாள் வேலையையும் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். நம் மக்கள் பட்ட தீண்டாமைக் கொடுமையோடு இதனை ஒப்பிட இயலாது. ஆயினும் இழிவின் சுவை எத்தகையது என்பதை அவ்விளைஞர் அறிந்தார் என்பதில் ஐயமில்லை. அதே பயணத்தில்தான், 1814இல் மிலான் நகரில், அவர் முதியவரான வோல்டாவைச் சந்தித்தார். அன்று வோல்டா உலகப் புகழ் பெற்ற பேரறிஞர். ஃபாரடேயோ பிறர் பெட்டியைக் காக்கும் இருபத்திரண்டு வயது இளைஞர். அந்த இளைஞரே பின்னாளில் வோல்டாவின் கொள்கையை அசைக்கப் போகிறவர் என்பதை அங்கிருந்த எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1833, 1834ஆம் ஆண்டுகளில் ஃபாரடே மின்னாற்பகுப்பு விதிகளை வகுத்தார். எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதோ, அதற்கு நேர்விகிதத்தில் பொருள் வேதி மாற்றம் அடைகிறது என்று அளந்து காட்டினார். மின்கலத்தினுள் கரையும் துத்தநாகத்திற்கும் இது பொருந்தும். ஆகவே துத்தநாகம் அரிவது தற்செயல் அன்று. மின்னோட்டத்திற்கு நாம் கொடுக்கும் விலையே அது.

1840இல் அவர் தம் வாதத்தை முழுமையாக எடுத்துரைத்தார். எப்பொருளும் மாறாமல், எதுவும் செலவாகாமல், வெறும் தொடுகையே ஓயாத மின்னோட்டத்தைத் தருமென்றால், அது ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றலைப் படைப்பதாகும். இயற்கையில் அத்தகைய படைப்பு எங்குமே காணப்படவில்லை என்றார். உடலில் மின்சாரம் உண்டாக்கும் மின்விலாங்கையும் அவர் ஆராய்ந்திருந்தார். அவ்வுயிரும்கூட இவ்விதிக்கு விலக்கன்று என்பது அவர் முடிபு.

வோல்டாவுக்கும் நாம் நீதி செய்தல் வேண்டும். இருவேறு உலோகங்கள் தொடும்போது அவற்றிடையே சிறு மின்னழுத்த வேறுபாடு தோன்றுவது உண்மையே. அவ்வேறுபாடு மட்டும் மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஓட்டாது என்பதே அவர் காணத் தவறிய பகுதி.

ஓயாத மணி

இங்கு ஒரு வியப்பான செய்தி. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு மின்மணி 1840ஆம் ஆண்டு முதல், இடையில் சில சிறு நிறுத்தங்கள் தவிர, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒலித்துவந்திருக்கிறது. இரண்டு உலர் மின்கல அடுக்குகளுக்கிடையே ஒரு குண்டு ஊசலாடி, இருபுறமுள்ள மணிகளை மாறி மாறித் தட்டுகிறது. கண்டோர் இதுவன்றோ செலவில்லா இயக்கம் என்று மயங்குவர். ஆனால் அக்குண்டு ஒவ்வொரு முறையும் கொண்டு செல்லும் மின்னூட்டம் மிகமிகச் சிறிது. செலவு குறைவாக இருப்பதனால் இருப்பு நெடுநாள் வருகிறது, அவ்வளவே. நாளொன்றுக்கு ஒரு பிடி அரிசி எடுத்தால் மூட்டை பல மாதம் வரும். அதனால் அரிசி செலவாகவில்லை என்று ஆகிவிடாது.

பள்ளி ஆசிரியரும் மதுவடிப்போர் மகனும்

பூட்டுத் தொழிலாளியின் மகன் என்று முன்னர்க் குறிப்பிட்டவர் ஜெர்மனியின் ஜார்ஜ் சைமன் ஓம். கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றியபோதே மின்னோட்டத்தை ஆராய்ந்தார். அக்கால மின்கலங்கள் நேரம் செல்லச் செல்லத் தளர்ந்தமையால் அவர் அளவுகள் நிலைகொள்ளவில்லை. எனவே பிஸ்மத், செம்பு ஆகிய உலோகங்களின் ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றோர் இணைப்பைப் பனிக்கட்டியிலும் வைத்து, அவற்றின் வெப்ப வேறுபாட்டால் மின்னோட்டத்தைப் பெற்றார். இங்கே துத்தநாகம் கரையவில்லை. ஆனால் கொதிகலத்தின் அடியில் நெருப்பு எரிந்தாக வேண்டும், பனிக்கட்டி உருகியாக வேண்டும். விலை வேறு உருவில் கொடுக்கப்பட்டது.

1827இல் ஓம் தம் நூலை வெளியிட்டார். மின்னழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் மிகும். மின்தடை மிகுந்தால் மின்னோட்டம் குறையும் என்பது அவர் விதி. அவர் நாட்டு அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் அளித்த பின்னரே அவர் பெருமை பரவிற்று.

மின்தடையில் என்ன நிகழ்கிறது என்பதை அளந்தவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். இவர் மது வடிக்கும் ஆலையின் உரிமையாளர் மகன். மின்னோட்டம் ஓடும் கம்பி சூடேறுகிறது. அவ்வெப்பம் மின்தடைக்கும், மின்னோட்டத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது என்று 1840இல் கண்டார். அதாவது, சுற்றில் ஓடும் மின்சாரம் வழியெங்கும் தன் ஆற்றலை வெப்பமாக இழந்துகொண்டே செல்கிறது. இழப்பை ஈடுசெய்ய யாரேனும் தொடர்ந்து கொடுத்தாக வேண்டும். கொடுப்பது நின்றால் ஓட்டமும் நிற்கும்.

இளமையில் ஜூலும் கனவு கண்டவரே. மின்கலத்தால் ஓடும் மோட்டார் நீராவிப் பொறியை வென்றுவிடும் என்று நம்பினார். ஆனால் அவர் கணக்கிட்டுப் பார்த்தார். ஒரு பவுண்டு துத்தநாகத்தைச் செலவிட்டுத் தம் மோட்டாரில் அவர் பெற்ற வேலையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேலையை, ஒரு பவுண்டு நிலக்கரியைக் கொண்டே சிறந்த நீராவிப் பொறி செய்தது. துத்தநாகத்தின் விலையோ நிலக்கரியினும் மிக அதிகம். 1841இல் அவர் தம் கனவைக் கைவிட்டார். ஆனால் அக்கணக்கைக் கைவிடவில்லை. வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் ஈடாகின்றன என்பதை 1843 முதல் பல சோதனைகளால் நிறுவினார். ஜெர்மானிய மருத்துவர் மேயர் 1842இலும், ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இலும் இதே உண்மையைத் தத்தம் வழியில் எடுத்துரைத்தனர். ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மறு வடிவுக்கு மாற்றவே இயலும் என்ற ஆற்றல் அழிவின்மை விதி இவ்வாறு பிறந்தது.

டைனமோ தரும் விடை

இனி நம் மாணவனின் வினாவுக்கு நேரே வருவோம். 1831இல் காந்தத்தின் உதவியால் மின்னோட்டத்தை உண்டாக்கும் வழியை ஃபாரடே கண்டுபிடித்தார். டைனமோ பிறந்தது அதிலிருந்தே. துத்தநாகம் இல்லை, அமிலம் இல்லை. சுழற்றினால் மின்சாரம் வருகிறது. அப்படியானால் இங்கே விலை எது?

1834இல் ரஷ்ய நாட்டு அறிஞர் லென்ஸ் வெளியிட்ட விதி இதற்கு விடை கூறுகிறது. டைனமோவில் தோன்றும் மின்னோட்டம், தன்னைத் தோற்றுவித்த சுழற்சியையே எதிர்த்து நிற்கும். பழைய மிதிவண்டிகளில் சக்கரத்தோடு உராயும் டைனமோ இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். விளக்கெரிய அதனைச் சக்கரத்தில் சாய்த்ததும் மிதிப்பது கடினமாகும். விளக்குக்குச் சென்ற ஆற்றலும், உராய்வில் போன ஆற்றலும் மிதிப்பவனின் காலிலிருந்தே வந்தன.

மோட்டாரையும் டைனமோவையும் ஒன்றோடொன்று பிணைத்தால், மோட்டார் தருவதை டைனமோ முழுவதும் வாங்கிக்கொள்ளும். கம்பிகள் சூடேறுவதிலும் உராய்விலும் ஒரு பகுதி வீணாகும். திரும்பி வருவது எப்போதும் கொடுத்ததைவிடக் குறைவே. எனவே சில சுற்றுகளில் அது நின்றுவிடும். எரிபொருளின்றி மின்சாரம் தரும் பொறி என்று விளம்பரம் செய்வோரிடம் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஏமாறுவோர் இன்றும் உளர். நம் இளைஞர்கள் எவரும் அவ்வரிசையில் சேரலாகாது.

மற்றுமொரு தெளிவும் வேண்டும். மின்கலம் மின்சாரத்தைக் கம்பிக்குள் ஊற்றுவதாகப் பலர் எண்ணுகின்றனர். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பின் உண்மை விளங்கிற்று. கம்பியில் எலக்ட்ரான்கள் முன்னமே நிறைந்துள்ளன. மூலம் அவற்றைப் படைப்பதில்லை, தள்ளுகிறது. வீட்டுக் கம்பியில் அவை ஒரு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறுவதில்லை. தள்ளுதலோ சுற்று முழுவதும் நொடியினும் மிகக் குறைந்த நேரத்தில் பரவிவிடுகிறது. விளக்கினுள் புகும் எலக்ட்ரான்கள் எத்தனையோ அத்தனையும் வெளியே வந்துவிடும். செலவாவது எலக்ட்ரான் அன்று, ஆற்றலே.

கற்றோர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். 1911இல் ஹாலந்து அறிஞர் காமர்லிங் ஆன்ஸ், பாதரசத்தைச் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 269 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை மறைந்தது. அத்தகைய மீகடத்தி வளையத்தில் மின்னோட்டம் மூலமின்றியே நெடுநாள் சுழலும். உண்மைதான். அங்கே இழப்பு இல்லை. ஆதலால் ஈடுசெய்ய வேண்டுவதில்லை. ஆனால் அவ்வளையத்திலிருந்து ஒரு விளக்கை ஏற்றினால், அக்கணமே மின்னோட்டம் குறையத் தொடங்கும். வேலை வாங்கினால் விலை கொடுத்தே தீர வேண்டும் என்ற விதி அங்கும் மாறவில்லை.

விளக்கும் விடுதலை பெற்றவர் மகனும்

1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரில் எடிசனின் மின் நிலையம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று. அங்கே நிலக்கரி எரிந்தது. நீராவிப் பொறிகள் டைனமோக்களைச் சுழற்றின. அவ்வாண்டு சனவரியில்தான், விளக்கினுள் ஒளிரும் கரி இழையைச் செய்யும் சிறந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார் லூயிஸ் லாட்டிமர் என்ற கறுப்பினத்தவர். அவர் பெற்றோர் 1842இல் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமை வாழ்விலிருந்து தப்பி வந்தவர்கள். காப்புரிமை வழக்கறிஞர் அலுவலகத்தில் எளிய வேலையில் சேர்ந்த லாட்டிமர், அங்கிருந்த வரைவாளர்களைப் பார்த்தே தாமும் வரைபடக் கலையைக் கற்றார். 1884இல் எடிசன் நிறுவனத்தில் சேர்ந்தார்; 1890இல் மின் விளக்குப் பற்றி நூலும் எழுதினார். வாய்ப்பு மறுக்கப்பட்டவன் அறிவற்றவன் அல்லன் என்பதற்கு இவரினும் சான்று வேண்டுமோ?

அண்ணல் அம்பேத்கரும் மின்சாரமும்

அரசியல் சட்டத்தை வகுத்தவராகவே அண்ணல் அம்பேத்கரை நாம் போற்றுகிறோம். 1942 சூலை முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கியபோது, மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது என்பதை நம்மில் பலர் அறியார். 1943 அக்டோபர் 25ஆம் நாள், போருக்குப் பிந்திய மின்சார வளர்ச்சி பற்றி ஆராய்ந்த கொள்கைக் குழுவின் தலைவராக அவர் உரையாற்றினார். தொழில்மயமே இந்திய மக்களைத் தீராத வறுமைச் சுழலிலிருந்து மீட்கும் வழி. மின்சாரம் இன்றித் தொழில்மயம் இல்லை. அம்மின்சாரம் ஓரளவு மலிவாக இருந்தால் போதாது, மிக மிக மலிவாகவும் பெருகியும் கிடைக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சார வாரியம் அவர் துறையின்கீழ் அமைந்தது. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்கக் கட்டத்தை நடத்தியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

மின்சாரத்தைப் பேசும்போது அவர் ஆற்றையும் அணையையும் பேசியது ஏன் என்பது இப்போது விளங்கும். கம்பி இழுப்பதனால் மட்டும் நாட்டுக்கு ஒளி வந்துவிடாது. ஊற்று வேண்டும். நம் மேட்டூரில் அணை 1934இல் எழுந்தது. 120 அடி வரை தேங்கி நிற்கும் நீர் விழும் வேகமே அங்கே சுழலியைச் சுழற்றுகிறது. அந்நீரைக் கடலிலிருந்து மேகமாக உயர்த்திக் குடகு மலையில் மழையாகப் பெய்வித்தது கதிரவனின் வெப்பம். நெய்வேலியில் மண்ணைத் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியும், பன்னெடுங்காலத்திற்கு முன் கதிரவன் ஒளியில் வளர்ந்த மரஞ்செடிகளின் எச்சமே. இன்று கூரைமேல் அமைக்கப்படும் சூரியத் தகடும் அதே கதிரவனிடமே கை நீட்டுகிறது.

ஒரு யூனிட்டின் அளவு

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 இலட்சம் ஜூல் ஆற்றல். 40 வாட் விளக்கு 25 மணி நேரம் எரிய இது போதும். இதே அளவு வேலையைக் கைகளால் செய்ய வேண்டுமாயின், பத்து மீட்டர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து இருபது லிட்டர் குடத்தை 1,800 முறைக்கு மேல் இறைக்க வேண்டும். நம் தாய்மாரும் பாட்டிமாரும் தோள் நோக இறைத்த நீரை நினைத்துப் பார்த்தால், ஒரு யூனிட்டின் பொருள் நமக்கு மற்றவரினும் நன்கு விளங்கும். நூற்றாண்டுகளாக இந்நாட்டின் வயல்களையும் கட்டடங்களையும் இயக்கிய ஆற்றல் மூலங்களுள் நம் முன்னோரின் உடலுழைப்பு முதன்மையானது. விளைவை நுகர்ந்தோர் ஊற்றை மறந்தனர். ஊருக்குள் விளக்கெரிந்த பின்னும் சேரிக்குக் கம்பி வரக் காத்திருந்த கிராமங்கள் பல.

ஆதலால் இளைஞர்களே, விளக்கைக் காணும்போது அதன் பின்னால் செலவாவது எது, உழைப்பவர் யார் என்று கேட்கப் பழகுங்கள். ஃபாரடே கேட்டது அக்கேள்வியே. அறிவியலுக்கும் சமுதாய நீதிக்கும் அது பொதுவான கேள்வி.

நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் நடந்ததும் தானாக அன்று. நாட்கூலியில் மிச்சம் பிடித்துச் சந்தா செலுத்தியவர்களும், வேலை முடித்து இரவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களும் கொடுத்ததனால் நடந்தது. அவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. இனிக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். கல்வி பெற்று வேலையில் அமர்ந்தவர் ஒவ்வொருவரும் ஒரு மாணவனின் படிப்புக்கேனும் பொறுப்பேற்பாராக. கழகத்தின் பொன்விழா மலரை அம்மாணவர்கள் எழுதட்டும்.